மாலையில் குழைத்த நீறு

தரைக்குப் பூசும் மெழுகின் மணமும், சிறுவர் வண்ணக்குழம்பு காய்ந்த மணமும், உள்ளே எங்கோ வாட்டிக்கொண்டிருந்த பாண்ரொட்டியின் மணமும் ஒன்றாய்க் கலந்து, கூரிய வளைவு கொண்ட அந்த வாயிலைக் கடந்ததும் முகத்தில் வந்து பட்டன. மெல்பேண் நகரின் கிழக்கே, கிளென் வேவர்லிக்குச் செல்லும் தொடருந்துப் பாதையை ஒட்டிய தெருவொன்றில் நிற்கும் அந்தச் செங்கற் கட்டடம் முன்னர் கிறித்தவக் கோயிலாக இருந்தது. வழிபட வருவோர் அருகிப்போனபின் கைமாறி, இப்போது அயலவர் கூடும் சமூக இல்லமாக இருக்கிறது. முதியோர் அமர்ந்தபடியே உடற்பயிற்சி செய்வதும், நாட்டுக்குப் புதியவர்கள் ஆங்கிலம் பழகுவதும், தாய்மார் தம் குழந்தைகளைத் தவழவிடுவதும் அங்கேதான். என் தமையனாரின் மகள் மைதிலி, தன் தந்தையாரின் முப்பத்தொன்றாம் நாள் மதிய உணவுக்கு அந்த மண்டபம் பொருந்துமா என்று பார்ப்பதற்காக என்னையும் உடன் அழைத்துச் சென்றிருந்தாள். அண்ணர் மறைந்து அன்று பதினெட்டாம் நாள்.

இல்லத்தின் பொறுப்பாளர், நரைமயிரைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு பெண்மணி, அறை அறையாக எங்களை அழைத்துச் சென்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதையெல்லாம் மைதிலி எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னாள். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பது அவளுக்கு அப்போது மறந்துபோயிருந்தது; நானும் நினைவூட்டவில்லை.

“சித்தப்பா, எண்பது கதிரை இருக்காம். குசினியில சூடாக்கலாம், சமைக்கேலாது. நெருப்புக் கொளுத்தக் கூடாதாம், அலாரம் அடிக்குமாம். அப்பான்ர படத்துக்கு முன்னால பாட்டரி விளக்கு வைச்சா ஓகேயோ?”

“ஓம்” என்றேன்.

“சேர்ச்சா இருந்த இடம். ஆக்கள் ஏதும் கதைப்பினமோ?”

“கதைக்கட்டும்.”

“அப்பா எண்டால், சோறு சூடா இருந்தாச் சரி, கூரை ஆரின்ர எண்டு ஆர் பாக்கிறது எண்டிருப்பார்” என்று சொல்லி அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

மண்டபத்தின் பலகைத் தரையில், வழிபடுவோரின் நீண்ட இருக்கைகள் பொருத்தப்பட்டிருந்த இடங்கள் வெளிறிய பட்டைகளாக வரிசைவரிசையாகத் தெரிந்தன. பலிபீடம் இருந்த மேடையில் நெகிழிப் பொம்மைகள் நிறைந்த பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். பாடகர் நிற்கும் இடம் எதுவாக இருந்திருக்கும் என்று கண் தானாகவே தேடிற்று. தேடிக் கண்டபின்னும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அண்ணரின் இறுதிச் சடங்கிலும் அவ்வாறே நின்றேன். “அங்கிள் நல்ல திடமான ஆள்” என்று இளைஞர் சிலர் தமக்குள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. திடம் என்று அவர்கள் எண்ணியதற்கு வேறு பெயர் என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

என் கையில் ஒரு வேலை இருந்தது. எங்களவர் வழக்கப்படி, முப்பத்தொன்றாம் நாள் உணவுக்கு வருவோர் ஒவ்வொருவருக்கும் இறந்தவரின் வாழ்க்கை வரலாற்றைக் கொண்ட சிறு நூல் ஒன்றைக் கொடுப்போம்; “கல்வெட்டு” என்பது அதன் பெயர். குடும்பத்தில் தமிழ் படித்தவன் என்பதால் அதனை எழுதும் பொறுப்பு என்னுடையதாயிற்று. பிறப்பு, பெற்றோர், திருமணம், கடை, போர், புலப்பெயர்வு, மக்கள், மருமக்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் எழுதி முடித்தேன். ஒரு வரிமட்டும் எஞ்சி நின்றது: பதினான்கு அகவையில் அவர் பள்ளியை விட்டது ஏன் என்னும் வரி. அதற்கான முழு விடையை அறிந்தவர் இருவர், ஒருவர் இறந்துவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடைத்தொலைவில் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. ஆங்கிலம் வேண்டும் என்பதற்காகச் சைவக் குடும்பங்கள் பலவும் தம் பிள்ளைகளை அங்கு அனுப்பின; நாங்கள் ஐயா என்று அழைத்த எங்கள் தந்தையாரும் அனுப்பினார். ஆனால் பள்ளி வளவுக்குள்ளேயே நின்ற “வேதக்கோயில்” என்னும் கிறித்தவக் கோயிலின் வாயிலை நாங்கள் மிதிக்கலாகாது. “பள்ளிக்கூடம் வேறை, வேதக்கோயில் வேறை” என்பார் அவர். அதற்குமேல் விளக்கம் கிடையாது. கேட்கும் துணிவும் எங்களுக்கு இல்லை.

அந்த ஆண்டு மழைக்காலத்தில், கிறித்து பிறப்பு விழாவின் “நத்தார்” பாட்டுகளுக்குப் பையன்களைத் தெரிவுசெய்த ஆசிரியர் அண்ணரின் குரலைக் கேட்டுவிட்டு, புதன்கிழமை மாலைதோறும் கோயிலுக்குள் பயிற்சிக்கு வரச் சொன்னார். அண்ணருக்கு அப்போது பதினான்கு அகவை, எனக்குப் பத்து. மேலதிக வகுப்பு என்று வீட்டில் சொன்னோம். எங்கள் நெற்றி நீற்றை அழித்துவிட்டு வரும்படி ஆசிரியரோ மற்றப் பிள்ளைகளோ ஒருபோதும் சொன்னதில்லை. எனினும் வெறும் நெற்றிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் தன் நெற்றி மட்டும் வேறுபட்டு நிற்பதை அண்ணர் விரும்பவில்லை. வாயிற்படிக்கு அருகே நின்று, “லேஞ்சி” எடுத்து முகம் துடைப்பவர்போல் நீற்றைத் துடைத்துவிட்டு உள்ளே போவார். வெளியே வேப்பமரத்தடியில் அவருடைய புத்தகங்களோடு நான் காத்திருப்பேன். என் காற்சட்டைப் பையில் வெறும் நெருப்புப்பெட்டி ஒன்று இருக்கும்; அதற்குள் வீட்டுச் சாமியறையிலிருந்து எடுத்துவந்த நீறு. பயிற்சி முடிந்து வந்ததும் அண்ணர் குனிந்து நிற்பார்; நான் மூன்று விரல்களால் அவருடைய நெற்றியில் பூசிவிடுவேன்.

“நேராப் பூசடா, கோணினா ஐயா பிடிச்சுப்போடுவார்” என்பார் அவர்.

“ஆடாமல் நில்லுங்கோவன்” என்பேன் நான்.

தமையனுக்குக் கட்டளையிடும் உரிமை அந்த ஒரு கணத்தில் மட்டுமே எனக்கு வாய்த்தது. அதனை நான் மிகவும் விரும்பினேன் என்று இப்போது தோன்றுகிறது.

நான்கு புதன்கிழமைகள் அவ்வாறு கழிந்தன. உலர்ந்த நீறு அவருடைய வியர்த்த நெற்றியில் ஒழுங்காக நிற்பதில்லை. திட்டுத்திட்டாகச் சிதறித் தோன்றும். ஐந்தாம் புதன்கிழமை, பள்ளிக் குழாயில் சிறிது நீர் பிடித்து, நெருப்புப்பெட்டியின் உட்புறத்திலேயே நீற்றைக் குழைத்து வைத்திருந்தேன். அன்று அவருடைய நெற்றியில் மூன்று கோடுகளும் அச்சில் வார்த்தவைபோல் நின்றன. வீடு திரும்பும் வழியெல்லாம் நான் அவருக்குச் சற்று முன்னே நடந்து, திரும்பித் திரும்பி என் கைவேலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

தீட்சை பெறாதோர் நண்பகலுக்குப் பின் நீற்றை நீரிற் குழைத்துப் பூசலாகாது என்பது சைவ ஒழுக்கம். காலையிற் குழைத்துப் பூசலாம்; மாலையில் உலர்ந்ததே பூசவேண்டும். அதனை நானும் அறிந்திருந்தேன். அன்று நினைவுக்கு வரவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் நாங்கள் முற்றத்தில் கால் கழுவிக்கொண்டு நின்றபோது தந்தையார் எங்களைப் பார்த்தார். காலையிற் பூசிய என் நீறு தூறலிற் கரைந்து தடம் மட்டுமே எஞ்சியிருந்தது. அதே வழியில், அதே தூறலில், என்னோடு வந்த அண்ணரின் நீறு புத்தம் புதிதாக இருந்தது.

“பின்னேரத்தில ஆர் குழைச்சது?” என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்கு முன் அண்ணர் சொன்னார்: “நான்தான் ஐயா.”

“காலமை பூசினது எங்கை?”

இதற்கு அண்ணர் பொய் சொல்லவில்லை. பாடப் போனதையும், நீற்றை அழித்ததையும், ஐந்து வாரமாகப் போனதையும் சொன்னார். என் பெயரைமட்டும் சொல்லவில்லை. தந்தையார் அடிக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. “படிக்க அனுப்பினனான், பாட அனுப்பேல்லை” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தை பிறந்ததும், வவுனியாவில் கடை வைத்திருந்த அம்மானிடம், எங்கள் தாயாரின் தமையனிடம், அண்ணரை அனுப்பிவைத்தார்கள். அண்ணரை ஏற்றிச் சென்ற பேருந்து புறப்பட்டபோது நான் வகுப்பில் இருந்தேன்.

என்னைத் தந்தையார் பள்ளியிலிருந்து நிறுத்தவில்லை. “சின்னவன் ஒழுங்கு” என்று அயலவரிடம் சொல்லிக்கொண்டார். அந்த ஒழுங்கின் பெயரால் நான் அதே பள்ளியிற் படித்தேன், பல்கலைக்கழகம் புகுந்தேன், நூல்களோடு வாழ்ந்தேன். குழைத்தவன் நானே என்று தந்தையார் இறக்கும்வரை அவரிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒவ்வோராண்டும் ஒரு காரணம் குறைந்தது. பிறகு சொல்லவேண்டும் என்ற எண்ணமும் எழவில்லை. அண்ணர் இதனை ஒரேயொரு முறை தொட்டார். மைதிலியின் திருமணத்தன்று, வந்தவர்களுக்கு நீறு கொடுத்துக்கொண்டு நின்றவர், என் நெற்றியில் தம் கையாலேயே பூசிவிட்டு, “தண்ணி விடேல்லை, பயப்படாதை” என்றார். சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாங்கள் இருவரும் சிரித்தோம். அவரிடம் மனம்விட்டுப் பேச அதுதான் தருணம் என்று அறிந்தும், நான் சாப்பாட்டு வரிசைக்குப் போனேன்.

சமூக இல்லத்தின் குசினியில், பொறுப்பாளர் படிவம் எடுத்துவரச் சென்றிருந்த இடைவேளையில், மைதிலி கல்வெட்டைப் பற்றிக் கேட்டாள். எஞ்சிய வரியைச் சொன்னேன். சொல்லத் தொடங்கியபின் எல்லாவற்றையும் சொன்னேன். செய்தி வாசிப்பவன்போல் என் குரல் ஒரே சீராக இருந்தது. அவள் தண்ணீர்க் குழாயைத் திறந்து, மூடி, மீண்டும் திறந்து பார்த்தாள்.

“அப்பா எங்களுக்கு அப்பிடிச் சொல்லேல்லை. தனக்குப் படிப்பு ஏறேல்லை எண்டுதான் சொன்னவர். எங்களுக்கு மார்க்ஸ் குறைஞ்சால், ‘என்ர மண்டைதான் உங்களுக்கும்’ எண்டு சிரிப்பார்.”

“அது உண்மையில்லை, பிள்ளை. அதைத்தான் கல்வெட்டில எழுதப் போறன்.”

“வேண்டாம் சித்தப்பா.”

திறந்தபடி கிடந்த குழாயை நான் மூடினேன்.

“ஆயுசு முழுக்க அவர் சொல்லாததை இப்ப நீங்கள் ஏன் சொல்லுறியள்? உங்கட மனம் ஆறவோ?”

“ஆறுமோ எண்டு எனக்குத் தெரியாது.”

“எழுதவேணுமெண்டா வேறை எங்கையாவது எழுதுங்கோ. இதில வேண்டாம். இது அப்பான்ர புத்தகம்.”

பொறுப்பாளர் படிவத்தோடு வந்தார். எதற்காக மண்டபம் என்ற கேள்விக்கு மைதிலி “குடும்ப உணவு” என்று எழுதிக் கையொப்பமிட்டாள். அன்று மாலை வீட்டில், எஞ்சிய வரியை நான் இவ்வாறு நிரப்பினேன்: ‘பள்ளிக் கல்வியில் நாட்டம் குன்றியமையால் இளமையிலேயே வணிகம் புகுந்தார்.’ இலக்கணப் பிழை ஏதுமில்லாத வரி.

முப்பத்தொன்றாம் நாள் கிரியைகளைக் கேரம் டவுன்ஸ் கோயிலிலிருந்து வந்த ஐயர் காலையில் வீட்டிலேயே முடித்துக் கொடுத்தார். நண்பகலில் மண்டபம் நிறைந்தது. பாட்டரி விளக்கு அண்ணரின் படத்துக்கு முன்னால் அசையாமல் எரிந்தது. வந்தவர்களில் எங்கள் ஊரவர் சிலர் இருந்தனர். மிஷன் பள்ளி வளவில் நின்ற அந்தக் கோயில் போரிற் கூரையிழந்து பின்னர் முற்றாக இடிக்கப்பட்டது என்றும், அவ்விடத்தில் இப்போது மிதிவண்டிகள் நிறுத்துகிறார்கள் என்றும் அவர்களுள் ஒருவர் சொன்னார். பாட்டு ஆசிரியரின் பெயரை அவரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. அண்ணர் அந்தக் கோயிலுக்குள் என்ன பாடினார் என்பதை நினைத்துப் பார்க்க முயன்றேன். ஐந்து புதன்கிழமைகள் மரத்தடியிலிருந்து கேட்டவன் நான். மழை ஓசை நினைவிருக்கிறது, பாட்டு இல்லை.

உணவுக்கு முன் கல்வெட்டை உரத்து வாசிப்பது வழக்கம். எழுதியவனே வாசிக்கவேண்டும் என்றார்கள். பொம்மைப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு மேடையில் ஏறி நின்று வாசித்தேன். அந்த வரியும் வந்தது. மற்ற வரிகளைப் போலவே அதையும் வாசித்தேன். பின்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர், ஆமோதிப்பவர்போல் தலையசைத்தார். அது பொய் என்று அறிந்தவர்கள் அந்த மண்டபத்தில் இருவரே இருந்தோம். மைதிலி அப்போது குசினியில் எனக்கு முதுகு காட்டி நின்று, சோற்றைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள்.