பேய்ப் படமும் முனுசாமியின் மணிக்கட்டும்

1. கேபினுக்கு வந்த அஞ்சலை

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ராயபுரத்து டாக்கீஸ் ஒன்றில் நான் ஆபரேட்டர். ஒரு நாள் மேட்னிக்கு ரீல் சுற்றிக்கொண்டிருந்தபோது காசிமேட்டு அஞ்சலை நேராகப் புரொஜெக்டர் கேபினுக்கே ஏறி வந்துவிட்டாள். வெளியாட்களை அங்கே விடக் கூடாது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு போகச் சொல்ல மனம் வரவில்லை.

அவள் புருஷன் முனுசாமி ஹார்பரில் மூட்டை இறக்குபவன். எந்தப் படத்தையும் விடமாட்டான். அப்படித்தான் எனக்கு தோஸ்து ஆனான். முந்தின நாள் கிரேனிலிருந்து நழுவிய மூட்டை அவன் வலது மணிக்கட்டில் விழுந்து கை வீங்கிவிட்டது, விரல்கள் மரத்துப்போய்விட்டன. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்களாம். அறைவாசல் வரை போனவன் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டானாம்.

"உங்க படத்தப் பாத்ததுலேந்து இப்படித்தான் கீறாரு. கை பூட்சின்னா பொழப்பே பூடும்ண்ணே. நீங்க சொன்னா கேப்பாரு," என்றாள்.

அந்த வாரம் ஓடியது ஓர் இங்கிலீஷ் பேய்ப் படம். செத்தவனை மேஜையில் கிடத்தி, கரண்ட் விட்டு எழுப்புகிறார் ஒரு டாக்டர். பிணம் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவரே கதவைச் சாத்திக்கொண்டு ஓடிவிடுகிறார். அந்தக் கட்டத்தில் தரை டிக்கெட்டில் ஒரு விசில்கூடக் கேட்காது.

2. துண்டு பிலிம்

மறுநாள் காலை, அறுந்துபோன பிலிம் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். வெயிலில் பிடித்துக் காட்டினேன். செத்து எழுந்த அந்த ராட்சசன் கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தான். எல்லாம் மாவும் சாயமும் என்று விளக்கினேன். முனுசாமி பொறுமையாகக் கேட்டான்.

"அது டூப்புன்னு எனக்குத் தெரியாதா மாமு? ஆஸ்பத்திரில கீற மிஷினு டூப்பு இல்லியே. எனுக்கு முன்னாடி ஒருத்தனுக்கு எடுத்தாங்க. மிஷினப் போட்டுட்டு அந்த ஆளு ஒரு தட்டிக்குப் பின்னால போய் நின்னுகினாரு. நல்ல மிஷினுன்னா அவரு இன்னாத்துக்கு ஒளியணும்?"

பயப்படாதே என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். அந்த எக்ஸ்ரேக்காரரையே கேட்போம், பதில் சரியில்லை என்றால் இரண்டு பேருமே திரும்பிவிடலாம் என்றேன். அதற்கு ஒத்துக்கொண்டான்.

3. எக்ஸ்ரே ஜோசப்

எக்ஸ்ரே எடுப்பவர் ஜோசப், வயதானவர், சிடுசிடுப்பான முகம். திட்டு விழும் என்றுதான் நினைத்தேன். ஏன் தட்டிக்குப் பின்னால் போகிறீர்கள் என்று நான் கேட்டதும் கையிலிருந்ததை வைத்துவிட்டு முனுசாமியின் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்த மிஷினுலேந்து வர்ற கதிரு மழை மாதிரி. ஒரு தபா மழைல நனைஞ்சா ஒண்ணும் ஆவாது. நான் தெனமும் காலைலேந்து நனைஞ்சிகினே இருந்தா? அதுக்குத்தான் ஈயத் தட்டி. எனக்குத் தொழில் கத்துக்குடுத்தவரு அதுக்குப் பின்னால நிக்கல. வெரலெல்லாம் புண்ணாப் பூட்டுது. நீ பயந்ததுல தப்பில்ல."

இதைக் கேட்டு இன்னும் மிரண்டுவிடுவானோ என்று பயந்தேன். ஆனால் முனுசாமியின் முகம் தெளிந்தது. உள்ளே வந்து தானே கையை மேஜைமேல் வைத்தான். நான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று மட்டும் கேட்டான். ஜோசப் முணுமுணுத்தபடி ஈயம் வைத்த கவுன் ஒன்றை என் கழுத்தில் மாட்டினார். மிஷின் உர்ரென்றது, டக்கென்று நின்றது.

"அவ்ளோதானா?" என்றான் முனுசாமி.

ஈரம் காயாத படத்தை ஜோசப் விளக்கில் மாட்டினார். எலும்பில் விரிசல்தான், நொறுங்கவில்லை. மாவுக்கட்டுப் போட்டால் கூடிவிடும் என்று அதைப் பார்த்த டாக்டர் சொன்னதும், எங்களோடு வந்து வாசலில் நின்ற அஞ்சலை அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். சில வாரம் கழித்துக் கட்டுப் பிரித்தபோது விரல்கள் நன்றாக மடங்கின. அவன் பழையபடி ஹார்பருக்குப் போனான்.

அதுவரை கேபினுக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் புரொஜெக்டருக்குள் எரியும் ஆர்க் விளக்கைப் பார்த்து மிரண்டால், ஒன்றுமில்லை, பயப்படாதே என்பேன். அதற்குப் பிறகு அப்படிச் சொல்லவில்லை. எது கண்ணைக் கெடுக்கும், எது தீப்பிடிக்கும், தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று முதலிலேயே காட்டிவிடுவேன். அப்புறம் அவர்கள் தாங்களே விளக்கைப் பற்றவைத்தார்கள்.