பசு பிரித்த பொட்டலம்

என் மகனின் வலது கையை இரண்டு பேர் விலை பேச வந்தார்கள். வந்தவர்களுக்குக் கைதான் தெரிந்தது. கையோடு ஒட்டிக்கொண்டு ஒரு பிள்ளை இருப்பது தெரியவில்லை. அந்த நாட்களில் நான் பட்ட பாட்டையும், பழனியாண்டவன் என் பக்கம் வந்து நின்றதையும் சொல்லத்தான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன். வேலனை நம்பி வந்திருக்கிற அத்தனை பேருக்கும் என் கும்பிடு. நடுவில் சில பேரைத் திட்டுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். அவர்களைத் திட்டாமல் இதைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

எங்களுக்கு மலையாள நாட்டுச் சித்தூருக்குக் கிழக்கே, தமிழ் எல்லையை ஒட்டிய ஊர். நெல்லும் நிலக்கடலையும்தான் பிழைப்பு. அவசரநிலை வருவதற்கு முந்தின வருஷம் என் மகன் மயில்சாமி எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தான். வாலிபாலில் அவன் அடி சுற்று வட்டாரமெல்லாம் பேச்சு. அறுவடை முடிந்த வயலில் மூங்கிலை நட்டு வலை கட்டி ஆடுகிற ஆட்டம்தான். கள்ளுஷாப்புக் காண்ட்ராக்டர் வைத்த கப்பில் அவன் எம்பி அடித்த பந்தை எதிரே நின்றவர்களில் ஒருவனாலும் எடுக்க முடியவில்லை. அன்றையிலிருந்து எங்கள் வாசல் சந்தைக்கடை ஆனது.

முதலில் வந்தவர் மலைமேல் சாந்தன்பாறைப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டம் ஒன்றின் சூப்பர்வைசர். ஜீப்பில் வந்தார். தோட்டத்துக்குத் தோட்டம் வாலிபால் போட்டி நடக்குமாம். முதலாளிமாருக்கு மானம் மரியாதை எல்லாம் அந்தக் கப்பில்தான் இருக்கிறதாம். காவலுக்கு வாட்சர் என்று பேர் எழுதிச் சம்பளம் கொடுப்பார்களாம், வேலை பந்து அடிப்பது மட்டுமாம். சந்தையில் காளையின் பல்லைப் பார்ப்பதுபோல அவர் என் மகனின் தோளை அமுக்கிப் பார்த்தார்.

"பயல எங்ககிட்டக் குடுங்க தாயி. ராசா மாதிரி வச்சுக்கிருவோம்."

"கை போயிருச்சுன்னா என்னுங்க பண்ணுவீங்க?" என்று நான் கேட்டேன்.

"நல்ல காரியம் பேசுறப்ப என்னத்தா இப்பிடிக் கேக்குற?" என்று சிரித்தார்.

நான் சும்மா கேட்கவில்லை. பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் இப்படித்தான் ஒரு தோட்டத்துக்கு ஆடப் போனான். முழங்கால் போனதும் அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அவன் இப்போது கள்ளுஷாப்பு வாசலில் உட்கார்ந்து அவித்த கடலை விற்கிறான். அவனைத் தாண்டித்தான் நான் தினமும் கடலைக் காட்டுக்குப் போகிறேன்.

அந்த வாரமே இரண்டாவது ஆள் வந்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு காலேஜின் கேம்ஸ் மாஸ்டர். வெள்ளைப் பேண்ட், கழுத்தில் விசில். அடுத்தவர் வீட்டில் காபி குடிக்கும்போதும் விசிலைக் கழற்றாத மனுஷன். பி.யூ.சி. சீட்டு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பாம்.

"மார்க்கே பார்க்க வேண்டாமுங்கம்மா. இந்தக் கை ஒண்ணு போதும்."

"பையன் பர்ஸ்ட் கிளாசுங்க" என்றேன்.

"அப்படீங்களா? அதுவும் இருக்கட்டும்" என்றார். காய் வாங்கும்போது கொசுறாகக் கிடைத்த கறிவேப்பிலைக்குக் கொடுக்கிற மரியாதைகூட என் மகனின் படிப்புக்குக் கிடைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் நல்லவர். நல்லவர் என்றால், எந்த முடிவும் எடுக்கமாட்டார் என்று அர்த்தம். அவருடைய தம்பி சின்னச்சாமி, என் கொழுந்தனார், முடிவு எடுப்பதற்கென்றே பிறந்தவர். அதுவும் அடுத்தவர் பிள்ளைக்கு. தோட்டம்தான் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். ஏன் என்று அப்போது தெரியவில்லை. ஏலக்காய் ஸ்டோரில் அவருக்குக் கணக்கு எழுதுகிற ரைட்டர் வேலை போட்டுத் தருவதாக சூப்பர்வைசர் சொல்லியிருந்தது பிறகுதான் வெளியே வந்தது. ரைட்டராம்! கையெழுத்துப் போடுவதற்குள் நாக்கைக் கடித்துக்கொள்கிற ஆள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. காலேஜ் என்றால் விசில்காரர் கையில் பிடி. தோட்டம் என்றால் அந்தக் கடலைக்காரனின் முகம். கை உள்ளவரை கும்பிடுவார்கள், கை போன பிறகு என் பிள்ளை எங்கே நிற்பான்? அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். "முருகா, உன்னிடம் வேண்டிப் பெற்ற பிள்ளை. அவனை எவனும் சக்கையாக்கித் துப்பிவிடாமல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று அழுதேன். தைப்பூசத்துக்கு அவன் தோளில் காவடி வைத்து உன் மலைக்குக் கூட்டி வருகிறேன் என்று நேர்ந்துகொண்டேன்.

கடைசியில் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "சாமிகிட்டப் பூக் கேட்டுப்போடலாம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம், கிணறு வெட்டுவது, எதுவானாலும் பூக் கேட்பதுதான் வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் வாழையிலையில் ஒன்றுபோல மடித்து, நாரால் கட்டி, சாமி காலடியில் வைப்பார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்று போய் எடுக்கும். எடுத்ததுதான் சாமியின் வாக்கு. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. சாமி தள்ளியதை மனுஷன் எட்டிப் பார்க்கக் கூடாது என்பார்கள். வீட்டுப் பெண்பிள்ளை அதை அப்படியே கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். வெள்ளை வந்தால் காலேஜ், சிவப்பு வந்தால் தோட்டம் என்று முடிவானது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஊர் முருகன் கோயிலில் கூடினோம். சூப்பர்வைசர் ஜீப்போடு வந்திருந்தார். விசில்காரரும் வந்தார். சாமி வாக்குச் சொல்கிற இடத்துக்கு ஏலத்துக்கு வருவதுபோல வந்து ஆளுக்கொரு தூணில் சாய்ந்துகொண்டார்கள். பொட்டலம் கட்ட வேண்டியவர் கோயில் பண்டாரம். அவர் சூப்பர்வைசர் கொண்டுவந்திருந்த வாழைத்தாரின் சீப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். "நீங்க பூசையப் பாருங்க, நாங் கட்டறேன்" என்று என் கொழுந்தனார் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு சன்னதிக்குப் பின்னால் போனார். அந்த மனுஷன் ஆயுளில் தானாக முன்வந்து செய்த ஒரே வேலை அதுதான்.

பக்கத்து வீட்டுக் குழந்தை எடுத்தாள். பண்டாரம் பிரித்தார். சிவப்பு.

சூப்பர்வைசர் தேங்காயை ஓங்கி உடைத்தார். கொழுந்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் மகன் தலையைக் குனிந்து நின்றான். எடுக்காத பொட்டலத்தைக் கையில் கொடுத்து, தண்ணீரில் விட்டுவிட்டு வரச் சொன்னார்கள்.

கோயிலுக்குப் பின்னால் வாய்க்கால். அழுதுகொண்டே நடந்தேன். "இது உன் வாக்கு என்றால் நான் தலை வணங்குகிறேன் முருகா. மனுஷன் வாக்கு என்றால் என் கண்ணில் காட்டிவிடு" என்று வாய்விட்டே சொன்னேன். வாய்க்கால் வரப்பில் ஒரு பசு கட்டியிருந்தது. யாருடைய பசு என்றுகூட எனக்குத் தெரியாது. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கிற நேரத்தில் அது கழுத்தை நீட்டி, என் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கிவிட்டது. வாழையிலை அல்லவா? நார் அறுந்தது. இலையை மென்றுகொண்டே அது தலையை உதறியதும் பூ என் காலடியில் கொட்டியது.

வெள்ளை இல்லை. செம்பருத்தி. அத்தனையும் செம்பருத்தி.

நம்பினவர்களே, அங்கேயே குனிந்து ஒவ்வொரு பூவாகப் புரட்டிப் பார்த்தேன். யாரும் பிரிக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை நம்பித்தானே அந்த ஆள் இரண்டிலும் சிவப்பை வைத்தார்? பசுவுக்கு ஏது கட்டுப்பாடு? வாயில்லாத ஜீவன் மூலமாக முருகன் பிரித்துக் காட்டிவிட்டான். அந்தப் பசுவின் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அது என் சேலையையும் தின்னப் பார்த்தது.

பூவை அள்ளி மடியில் கட்டிக்கொண்டு திரும்பினேன். அத்தனை பேர் முன்னால் சன்னதி வாசலில் கொட்டினேன்.

"வெள்ளைப் பூ எங்கீங்க?" என்று கொழுந்தனாரைக் கேட்டேன்.

அவருக்கு வெட்கம் என்று ஒன்று இருந்தால் அங்கேயே ஒடுங்கியிருப்பார். இல்லையே! கையைக் கூப்பி, கண்ணை மூடி, "அண்ணி, சாமி நெறத்த மாத்திருச்சுங்க" என்றார்.

"இருக்கும், இருக்கும்" என்றார் பண்டாரம், வாழைத்தாரைப் பிடித்தபடி.

"அப்ப சாமி ரெண்டு தடவ சொல்லியிருக்கு தாயி" என்றார் சூப்பர்வைசர்.

விசில்காரருக்கு மட்டும் கோபம் வந்தது. தர்மத்துக்காக வந்த கோபம் இல்லை. "இது செல்லாதுங்க. மறுபடியும் கட்டுங்க. நானே கட்டறேன்" என்றார். என் மகன் நடுவில் நிற்க, இரண்டு பேரும் அவன் கைக்காக மல்லுக்கு நின்றார்கள். வீட்டுக்காரர் வழக்கம்போலத் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனி யாரும் பூக் கட்ட வேண்டியதில்லீங்க" என்று நான் சத்தம் போட்டேன். மயில்சாமியின் பக்கம் திரும்பினேன். "கண்ணு, நீ சொல்லு. உனக்கு என்ன வேணும்?"

நான் அவன் வலது கையைப் பிடித்தேன். அவன் முகம் சுருங்கியது.

"அம்மா, கை வலிக்குதுங்க" என்றான்.

மல்லுக்கு நின்ற இரண்டு பேரும் அவன் தோளைப் பார்த்தார்கள்.

"கார்த்திகை மாசத்துல இருந்தே வலிக்குதுங்க. தலை சீவறதுக்குக்கூட இடது கைதான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்ன எண்ணெய் போட்டுக்கிட்டு ஆடறேன்."

"ஏங் கண்ணு சொல்லல?"

"எல்லாரும் சந்தோசமா இருந்தீங்களேங்கம்மா."

அந்த ஒரு வார்த்தைக்கு, பிடித்திருந்த அவன் கையை மெதுவாக விட்டேன். ஆனால் பழனியாண்டவன் செய்த வேலையையும் அப்போதுதான் பார்த்தேன். சூப்பர்வைசர் சட்டென்று மணி பார்த்தார். மலை ஏற நேரமாகிவிட்டதாம். என் மகனின் தோளை அவர் தொடக்கூட இல்லை. அன்றைக்குக் காளைபோல அமுக்கிப் பார்த்தவர், இன்றைக்குச் சொறி பிடித்த ஆட்டிடமிருந்து விலகுவதுபோல விலகினார். ஜீப் கிளம்புகிற அவசரத்தில் ரைட்டர் வேலையும் அதிலேயே ஏறிப் போய்விட்டது. கொழுந்தனார் புழுதிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினார். விசில்காரர், "ரெஸ்ட் எடுங்க தம்பி, சரியானா வாங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார். இத்தனை நாள் 'எங்கள் மயில்' என்று கூத்தாடின ஊர்க்காரர்களும் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள். கோயிலில் நாங்கள் மூன்று பேரும் முருகனும்தான் மிச்சம். அதைவிட நல்ல கூட்டம் எனக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை.

கோயமுத்தூரில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இப்படியே அடித்துக்கொண்டிருந்தால் தோளைத் தூக்கவே முடியாமல் போகும் என்றார் டாக்டர். பந்தைத் தொடக் கூடாது என்றார். மயில்சாமி சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதான். ஆட்டம் அவனுக்கு உயிர். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

பிறகு அதே விசில்காரரின் காலேஜுக்கு நானே அவனை அழைத்துப் போனேன். மார்க் சீட்டைக் காட்டி, எல்லாரையும் போல வரிசையில் நின்று சீட்டு வாங்கினோம். விசில்காரர் வராந்தாவில் எங்களைப் பார்த்தார். பார்க்காத மாதிரி போனார். நன்றாகப் போகட்டும். கை கொடுத்த சீட்டாக இருந்திருந்தால் கை போன அன்றைக்கே பிடுங்கியிருப்பார். இது அவன் படிப்பு கொடுத்த சீட்டு, எந்த விசிலும் ஒன்றும் செய்ய முடியாது. அவன் பட்டம் வாங்கி, இந்த வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்திருக்கிறான்.

அவனுக்குப் பதிலாக அந்தத் தோட்டம் வேறொரு பையனைப் பிடித்துக்கொண்டு போனது. அவனும் திரும்பி வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அவன் தாயை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

கொழுந்தனார் நன்றாக இருக்கிறார். 'பூ நிறம் மாறிய அற்புதம்' என்று அவர் இன்றைக்கும் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அதைக் கேட்டு எங்கள் கோயிலுக்கு வெளியூரிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள். வெள்ளிக்கிழமையானால் பண்டாரத்துக்கு வாழைத்தார் வைக்க இடம் இல்லை. முருகன் எதைச் செய்தாலும் அதற்குப் பக்கத்தில் ஒருவன் கடை போட்டுவிடுகிறான். நான் சண்டைக்குப் போவதில்லை. அந்தப் பசுவின் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்து, மாட்டுப் பொங்கலுக்கு அதன் கொம்புக்கு நானே வர்ணம் பூசிவிட்டு வருகிறேன்.

நேர்ந்தபடி அந்தத் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் போனோம். காவடியை இடது தோளில் வைத்துக்கொண்டு மயில்சாமி நடந்தான். சன்னதியில் எல்லாரும் தலைக்கு மேலே கையைத் தூக்கி அரோகரா போட்டார்கள். அவன் வலது கையை மெதுவாகத் தூக்கினான். நெற்றிவரை வந்தது. அதற்கு மேல் போகவில்லை. அந்த உயரத்திலேயே இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "போதுங்களாம்மா?" என்று சிரித்தான். வலைக்கு மேலே போன கைக்கு ஊரே கை தட்டியது. நெற்றிவரை வந்த கைக்கு நான் ஒருத்திதான் அழுதேன்.

அன்பர்களே, உங்களுக்கும் வழி தெரியாமல் நிற்கிற நாள் வரும். தயங்காமல் முருகனிடம் கேளுங்கள். அவன் சொல்வான், பசுவை விட்டாவது சொல்வான். ஆனால் பூக்கூடையை அடுத்தவன் கையில் கொடுக்காதீர்கள். கோயிலுக்குக் கிளம்பும் முன், பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, உனக்கு எங்கே வலிக்கிறது கண்ணு என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.