தொடாதே அக்கா

அருங்காட்சியகத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. மாடி அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, படத்தை நோக்கி நீளும் விரலையெல்லாம் "தொடாதீங்க!" என்று ஒரே அதட்டில் மடக்கும் காவல்காரி அவள். மந்திரியோ மளிகைக்காரரோ, அவளுக்கு விரல் விரல்தான்.

அந்த அறையிலிருந்துதான் கோழிகளுக்குத் தீனி போடும் பெண்ணின் சின்னப் படம் ஒருநாள் காணாமல் போனது. இயக்குநர் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள இவள் தலையை உருட்டினார்.

"உள்ளாள் உதவாம இது நடக்குமா?"

வேலை போனது. சொந்த நாத்தனாரே, "எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க அண்ணி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அந்தச் சிரிப்பில் இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வழக்கை விசாரித்த பெண் இன்ஸ்பெக்டருக்கு ஒரு பணக்காரர் மேல் சந்தேகம். ஆனால் படத்தை அந்த வீட்டில் கண்ணால் பார்த்த சாட்சி இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. அங்கே வீடு துடைக்க ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும், "நான் போறேன்" என்றாள் இவள்.

"அவர் மியூசியத்துக்கு அடிக்கடி வந்தவரும்மா. உங்களை அடையாளம் தெரிஞ்சுடும்."

"ஸ்டூல்ல உக்காந்திருக்கறவ மூஞ்சிய எவன் மேடம் பார்த்தான்?"

அப்படித்தான் ஆனது. மாப்பும் வாளியுமாக நின்றவளை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு மத்தியானம், மாடியில் எப்போதும் பூட்டியிருக்கும் படுக்கையறையைத் திறந்து விருந்தாளி ஒருவரை உள்ளே அழைத்துப்போனார். தரை துடைக்கிற சாக்கில் இவளும் பின்னாலேயே நுழைந்தாள். கட்டிலுக்கு எதிரே கோழிக்காரி! இவளுக்கு அழுகை முட்டியது. பைக்குள் கைவிட்டு, தெருமுனை வண்டியில் காத்திருந்த இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டு, அணைக்காமல் அப்படியே விட்டாள். இனிச் சத்தமில்லாமல் நழுவ வேண்டும், அதுதான் ஏற்பாடு.

அப்போது விருந்தாளி படத்தை நோக்கி விரலை நீட்டினார்.

"தொடாதீங்க!"

வாய் முந்திக்கொண்டது. வீட்டுக்காரர் மெல்லத் திரும்பினார். முகம்தான் அவருக்குத் தெரியாது, குரல் தெரியும். அவர் விரலையும் ஒருமுறை மடக்கிய குரல்.

"ஏய், நீ அந்த மியூசியம்காரிதானே?"

எதையாவது உளறித் தப்பியிருக்கலாம். ஆனாலும் படத்துக்கு முன்னால் போய் நின்று மாப்புக் கட்டையைக் குறுக்கே பிடித்தாள்.

"ஆமாய்யா, நான்தான்! மேடம், கேக்குதா? படம் மாடி ரூம்ல இருக்கு!"

"யாரங்கே, வாசக்கதவைப் பூட்டு!"

"நல்லா பூட்டு. படமும் நானும் உள்ளதான் இருக்கோம். ரெண்டு பேரும் சேர்ந்தே வெளிய போவோம்."

பூட்டை உடைக்கப் போலீசுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

படம் பழைய சுவருக்கே திரும்பியது. இவளும் ஸ்டூலுக்குத் திரும்பினாள். இயக்குநர் கேமராக்களுக்கு முன்னால் இவளை "எங்க குடும்பத்துல ஒருத்தர்" என்று வாய்நிறையப் புகழ்ந்தார். மன்னிப்பு மட்டும் அந்த வாயில் வரவில்லை. பேச்சு வேகத்தில் கோழிகளைக் காட்டப்போன அவர் விரல் படத்தை நெருங்கியது.

"தொடாதீங்க!"

விரல் அந்தரத்தில் நின்றது. இவள் ஸ்டூலை விட்டு எழவே இல்லை.

"கையை எடுங்க சார். உள்ளாள் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்."