உடையார்பாளையத்தில் ஒரு சேணமும் ஒரு கடிவாளமும்

போன மே மாதம் ஒரு மலை ஊரில் குதிரைச் சவாரி செய்தபோது, சேணம் பக்கவாட்டில் புரண்டு, நானும் அதோடு விழுந்தேன். முழங்கை சரியாக இரண்டு மாதம் ஆயிற்று. ஆனால் எதனால் விழுந்தேன் என்று கடைசிவரை தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயணம். 2007 ஜனவரி, பொங்கல் முடிந்த ஞாயிறு.

எங்கள் அலுவலகத் தோழிக்குச் சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. அவளுடைய தாய்மாமா ரஹ்மத்துல்லா, சார்ஜாவில் பதினோரு வருடம் குதிரை லாயத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். உடையார்பாளையம் பக்கம் ஒரு முரட்டுக் குதிரையைப் பார்க்கப் போகிறார் என்றதும் நானும் ஒட்டிக்கொண்டேன்.

காலை 5.40க்குத் திருச்சியில் பஸ். டிக்கெட் 24 ரூபாய். 7.45க்கு அரியலூர். ரஹ்மத்துல்லா பஸ் நிலையத்தில் ஒரு பெரிய சாக்குமூட்டையோடு நின்றிருந்தார். உடையார்பாளையம் இன்னும் முப்பது கிலோமீட்டர். பஸ்ஸில் கண்டக்டர் மூட்டையை உதைத்துப் பார்த்தார்.

"உள்ள என்னங்க பாய்?"

"சேணம்."

"குதிரை எங்க?"

"அதத்தாங்க பாக்கப் போறோம்."

சிரித்துக்கொண்டே மூட்டைக்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். (நீங்களும் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.)

இறங்கி ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தால், அந்தக் குதிரையை வைத்திருக்கும் செல்வியின் முந்திரித் தோப்பு. கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று அவள் கணவர் முருகேசன் வாங்கிய செம்பழுப்புப் பெண் குதிரை, பெயர் சிட்டு. பொங்கலுக்கு முந்தின வாரம் அவரையே தூக்கி எறிந்துவிட்டது. கழுத்தெலும்பு முறிந்து, கையைக் கழுத்தோடு தூளியில் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"புதன்கிழமை வியாபாரி வந்து ஓட்டிட்டுப் போயிடுவாருங்க பாய்," என்றாள் செல்வி. "அடிமாட்டுக்குப் போனாலும் சரி. இவரு உசுரு பொழச்சதே பெருசு."

"எப்பலேர்ந்தும்மா துள்ளுது?"

செல்வி யோசித்தாள். "புதுக் கடிவாளம் மாட்டுனதுலேர்ந்துதான்."

ரஹ்மத்துல்லா சிட்டுவின் கழுத்தைத் தடவியபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கட்டைவிரலை வாயோரத்தில், பல்லில்லாத இடைவெளியில் விட்டார். வாய் திறந்தது. கடிவாளத்தின் வாய்க்கம்பி குடைக்கம்பி பருமன்தான், அதுவும் முறுக்கியது. நாக்கில் குறுக்கே சிவந்த புண்.

"லகான் வாரை இழுக்குறப்பல்லாம் இந்தக் கம்பி புண்ணுல அறுக்குது. வேற என்ன செய்யும் அது?"

செல்வி கிட்டே வந்து பார்த்தாள். "இத்தன நாளா வலியிலயா துள்ளிச்சு?" என்றவள், முந்தானையால் சிட்டுவின் வாய் நுரையைத் துடைத்தாள்.

ரஹ்மத்துல்லா அந்தக் கடிவாளத்தைக் கழற்றிப் போட்டார். மூட்டையிலிருந்து வாய்க்கம்பியே இல்லாத, தலைக்கான தோல் வாரை எடுத்து மாட்டினார். லகான் மூக்குப் பட்டையில் சேர்கிறது. இழுத்தால் மூக்கின்மேல் அழுத்தம், அவ்வளவுதான்.

பிறகு முதுகைத் தடவி, புண் ஏதுமில்லை என்று பார்த்துக்கொண்டார். முதலில் கம்பளி. கொஞ்சம் முன்னால் போட்டுப் பின்னுக்கு இழுத்தார், ரோமம் படியும்படி. அதன்மேல் சேணம். எடை முதுகெலும்பில் இறங்காமல் இரண்டு பக்கமும் பரவத்தான் அந்த வடிவம். அடுத்து வயிற்றுப் பட்டை. முன்னங்காலுக்கு நான்கு விரல் பின்னால் மெதுவாக இறுக்கி, பத்து அடி நடக்கவைத்து, மறுபடி இறுக்கினார். முதல் தடவை குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளுமாம், மூச்சை விட்டதும் பட்டை தளர்ந்துவிடுமாம். மலை ஊரில் ஒரே தடவைதான் இறுக்கினார்கள். என் முழங்கைக்கு அன்றைக்குத்தான் விடை கிடைத்தது.

அவர் ஏறி இரண்டு சுற்று வந்தார். சிட்டு ஒரு தடவை தலையை உதறியது, பிறகு காதை முன்னுக்குத் திருப்பிக்கொண்டு நடந்தது. அடுத்து நான். சேணத்தில் தொங்கும் கால் வளையமான அங்கவடியில் பாதத்தின் முன்பகுதி மட்டும், குதிகால் கீழே. கால் முழுக்க உள்ளே போனால் விழும்போது மாட்டி இழுபடுவோம். லகானை லேசாகத் தொட்டதும் சிட்டு நின்றது. சத்தம்போட்டுச் சிரித்துவிட்டேன்.

முருகேசன் கட்டிலிலிருந்து எழுந்து வந்தார். "வியாபாரிகிட்ட வேணாம்னு சொல்லிடுவமா?"

"நான் அப்பவே முடிவு பண்ணிட்டேன்," என்றாள் செல்வி. "ஆனா ஒங்க தோளு கூடுறவரைக்கும் நீங்க ஏறக்கூடாது. நான் ஏறிப் பழகிக்கிறேன்."

வலியைக் குணம் என்று எத்தனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம் என்று திரும்பும் பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தேன். எங்கே சவாரிக்குப் போனாலும் ஏறுமுன் வயிற்றுப் பட்டையை இரண்டாம் முறை இறுக்கச் சொல்லுங்கள். வாயோரத்தில் புண் இருந்தால் ஏறாதீர்கள். குதிகால் வைத்த செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள். உடையார்பாளையத்திலிருந்து மாலை 4.15 பஸ்ஸைப் பிடித்தால் எட்டு மணிக்குள் திருச்சி.

ஒரு மாதம் கழித்துச் செல்வி போன் செய்தாள். புண் ஆறிவிட்டதாம். "அக்கா, நேத்து தோப்ப முழுசா ஒரு சுத்து வந்துட்டேன். எறங்கத்தான் தெரியல. இவரு ஒத்தக் கையால ஸ்டூல் கொண்டாந்து போட்டாரு."