சீனச் சண்டைப் படத்தில் விழுந்தது யார்?

பேசாத படங்களுக்குக் கதை சொல்வது என் வேலை. திரைக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர் யார், என்ன சொல்கிறார் என்று உரக்கச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான்; தமிழையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அந்தச் சாரல் காலத்தில் குற்றாலத்துக் கொட்டகைக்கு ரங்கூன் வழியாக வந்த படத்திலோ எழுத்தெல்லாம் சீன எழுத்து.

"ஏலே, சண்டைக்கு என்னலே பாஷை? நீ சொல்லுததுதான் கதை" என்றார் கொட்டகை முதலாளி.

ஒரே குருவிடம் வித்தை படித்த இருவர், யார் பெரியவர் என்று ஆயுசு முழுக்க மோதுகிறார்கள். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். மூத்தவர், இளையவர் என்று நானே பெயர் வைத்தேன். மழையில் கடைசி ரீலை முன்கூட்டி ஓட்டிப் பார்க்க முடியவில்லை.

அப்போது தென்காசிச் சிலம்பக் கூட்டத்துக்கும் வாசுதேவநல்லூர்க் கூட்டத்துக்கும், திருவிழாவில் சாமிக்கு முன்னால் யார் முதலில் கம்பு சுற்றுவது என்று தகராறு. போன வருஷம் மண்டைகள் உடைந்திருந்தன. இந்தத் தடவை படத்திலேயே தீர்த்துக்கொள்ளுங்கள் என்று முதலாளி இரண்டு ஆசான்களையும் சம்மதிக்க வைத்தார். தென்காசிக்கு மூத்தவர், வாசுதேவநல்லூருக்கு இளையவர். எவர் ஆள் விழுகிறாரோ அவர் கூட்டம் பின்னால் நடக்க வேண்டும். ஏதாவது பிசகினால் முதலில் கிழிவது கொட்டகை, அடுத்தது நான்.

திரைத்துணியை நனைத்துக் கட்டினால் படம் பின்பக்கமும் தெரியும். இரண்டு கூட்டத்தையும் சேர்த்து உட்கார வைக்கப் பயந்து, தென்காசியை முன்னாலும் வாசுதேவநல்லூரைப் பின்னாலும் உட்கார வைத்தோம். பின்னால் உட்காருவது கௌரவக் குறைச்சல் என்று அவர்கள் முறைத்ததால், நாளைக்கு மாற்றி உட்காரலாம் என்று முதலாளி சமாதானம் சொன்னார்.

கடைசி ரீல் ஓடியது. வந்து நின்ற இருவருக்கும் ஒரே மொட்டை, ஒரே கறுப்பு உடை. எவர் மூத்தவர் என்று எனக்கே தெரியவில்லை. "வலது பக்கம் நிக்கவருதான் மூத்தவரு" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். ஒரே பாய்ச்சல். இடது பக்கத்தவர் நின்ற இடத்திலேயே சாய்ந்தார். பெயர் சொல்லப் பயந்து, "விழுந்துட்டாரு" என்று மட்டும் கத்தினேன்.

முன்னாலும் விசில், பின்னாலும் விசில். வெளியே இரண்டு ஆசான்களும் சிரித்தபடி எதிரெதிரே வந்தார்கள்.

"பின்னால நடக்கதுக்கு இப்பமே பழகிக்கிடுங்க அண்ணாச்சி" என்றார் தென்காசி ஆசான்.

"அத நீங்கல்லா பழகணும்? விழுந்தது உங்க ஆளுல்லா."

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். விழுந்தது யார் என்று பார்த்தவன்தான் நான். ஆனாலும் அத்தனை கம்புகளுக்கு நடுவில் என் கண்ணையே நம்ப முடியவில்லை. "எனக்கே கொழப்பமா இருக்கு ஆசானே" என்றேன். நாளைக்கும் பாருங்கள் என்று முதலாளி நடுவில் புகுந்தார்.

மறுநாள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். நேற்றுச் சொன்னதையே சொன்னேன். படம் முடிந்தது; ஒரு விசில்கூட இல்லை. வாசுதேவநல்லூர் ஆசான் என்னிடம் வந்து, "எங்காளுதான் விழுந்தாரு. நேத்து சரியாப் பாக்கல போல" என்று முணுமுணுத்தார். கொஞ்ச நேரத்தில் தென்காசி ஆசானும் வந்து அதையே சொன்னார். நேற்று இரண்டு பேரும் ஜெயித்தார்கள், இன்று இரண்டு பேரும் தோற்றார்கள். படத்தில் பேய் இருக்கிறதா என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் கடைசி ரீலின்போது துணி காய ஆரம்பித்தது. தண்ணீர் அடிக்கக் குடத்தோடு பின்னால் போனேன். வலது பக்கம் நிற்க வேண்டியவர் அங்கிருந்து பார்க்க இடது பக்கம் நின்றார்; விழுந்தவரோ வலது பக்கத்தில் இருந்தார். குடத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னேன். "ஏலே, இத வெளிய சொன்னியோ, மறுபடியும் கம்பெடுத்துருவானுவ. வாயப் பொத்திக்கிட்டு கெட" என்றார்.

திருவிழாவில் சாமி புறப்பட்டு நின்றது. முன்னால் போக ஆள் இல்லை. "நீங்க போங்க அண்ணாச்சி." "இல்ல, நீங்கதான் போகணும்." கடைசியில் குருக்கள் சத்தம் போட்ட பிறகு இரண்டு கூட்டமும் ஒன்றாகக் கம்பு சுற்றிக்கொண்டு போயின.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். வலது, இடது என்று வாய் திறக்கும் முன்னால், கேட்கிறவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுங்கள்.