பால்சுறா குட்டி போடுமா?

இன்று பாலையூற்றில் பாடசாலைகளுக்கான பொது அறிவுப் போட்டி. வெல்லும் பிள்ளை கொழும்புப் போட்டிக்குப் போகலாம். கடைசிக் கேள்வி வரை முன்னுக்கு நின்றது, இலங்கைத்துறை மீனவர் ஒருவரின் மகள்.

“குட்டி போடும் கடல் உயிரினம் ஒன்று?”

“பால்சுறா,” என்றாள் உடனே.

நடுவர் ஓய்வுபெற்ற அதிபர். ரோனியோ அடித்த விடைத்தாளைப் பார்த்தார்.

“பிழை. திமிங்கிலம் எண்டுதான் இருக்கு. சுறா மீன். மீன் முட்டைதான் இடும்.”

“இல்லை சேர். அப்பா சுறாவைக் கீறேக்க வயித்துக்குள்ள குட்டி துடிச்சது. நான் கண்டனான்.”

“கண்டதையெல்லாம் இங்க கதைக்க ஏலாது. இரும் பிள்ளை.”

பால்சுறாவின் குட்டி, நம்மைப் போலவே தொப்புள்கொடியோடு தாய் வயிற்றில் வளர்கிறது. சபையில் இருந்த, விலங்கியல் படித்த எனக்கு அது தெரியும். ஆனாலும் கதிரையை விட்டு எழும்பத் தயங்கினேன். எழும்பிச் சொன்னபோது முடிவை அறிவித்துவிட்டார்கள்.

“தாளில இருக்கிறதுதான் முடிவு, டீச்சர்,” என்றார் நடுவர்.

கோபம் அவர்மீது மட்டுமல்ல, என்மீதும்தான்.

வெளியே வரும்போது, அதே நடுவர் பிள்ளையின் தகப்பனை வாசலில் மறித்து நின்றார். குரல் நன்றாகத் தாழ்ந்திருந்தது.

“மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கு. பால் சுரக்கக் குடுக்கோணும். நாளைக்கு ரெண்டு பால்சுறா கொண்டுவந்து தாருமன்.”

“ஓம் சேர். வயித்துக்குள்ள முட்டை இருந்தா, எனக்குக் காட்டப் புறம்பா எடுத்து வையுங்கோ.”

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தோம். பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை.

நாளை நடுவர் வீட்டுக் குசினியில் சுறா கீறுவார்கள். நான் பார்க்கப் போகிறேன். யார் யார் வருகிறீர்கள்?