சாய்ந்த வீடுகளை நிமிர்த்தியவள்

அலுவலகத்தில் எல்லோரும் அவளை மேயரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. சொந்தத் தெருவில் குழாயில் தண்ணீர் வராததைக் கேட்கக்கூட அவள் போனதில்லை. ஆனால் கடல் தாண்டி இருக்கும் ஒரு நகரத்தில் எந்தத் தெருவில் எந்தக் கதவு என்ன நிறம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அந்த நகரத்தின் உண்மையான மேயருக்கு அதில் கால்வாசி தெரிந்திருந்தால் அதிகம்.

வேலை அப்படி. கூரையில் கேமரா பொருத்திய கார் ஒன்று அந்த நகரத்துத் தெருக்களில் ஓடும். அது எடுக்கும் படங்களெல்லாம் இங்கே, நான்காவது மாடியில், ஜன்னலே திறக்காத ஒரு ஹாலுக்கு வந்து சேரும். பதினெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்து மூன்று காரியம் செய்வார்கள். வீட்டு எண்ணைப் படித்துப் பதிய வேண்டும். தெருவில் தெரியும் மனிதர்களின் முகத்தைக் கலங்கலாக்கி மறைக்க வேண்டும். வீடு சாய்ந்து தெரிந்தால் அதை நிமிர்த்தி, கதவும் எண்ணும் மட்டும் நிற்கும்படி ஓரத்தை வெட்ட வேண்டும். வீடு ஏன் சாய்கிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு நாளைக்கு முந்நூறு படம் முடியுமா?

பதினொரு வருஷம் இந்த வேலை பார்த்தாள். மழை நாளில் அந்தக் கார் ஓடாது, இலை உதிர ஆரம்பித்தால் அடுத்த கோடைவரை ஷெட்டை விட்டே வெளியே வராது. அதனால் பதினொரு வருஷமாக அவள் பார்த்த நகரத்தில் ஒரு சொட்டு மழை விழுந்ததில்லை. எப்போதும் மத்தியான வெயில், ஜன்னலில் பூந்தொட்டி, சைக்கிளில் போகும் முகமில்லாத சந்தோஷமான மனிதர்கள். அப்படி ஒரு ஊர் எங்கேயும் கிடையாது என்று சொல்ல அவளுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

"அக்கா, நெஜமாவே அங்க போய் இருந்தா நல்லா இருக்குமா?" என்று பக்கத்து சீட்டுப் பெண் அடிக்கடி கேட்பாள்.

"நல்லா இருக்குமாவா? இங்க நாம இருக்கிறதுக்குப் பேரு இருக்கிறதா?" என்பாள் மேயரம்மா. அதற்கு மேல் அந்தக் கேள்வியைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை.

அவளுடைய வீட்டுக்காரர் கல் அறுக்கும் ஆலையில் இருபத்தாறு வருஷம் நின்றவர். தரைக்குப் போடும் பளபளப்பான கல்லை அறுத்து அறுத்து, அந்தத் தூள் முழுக்க நெஞ்சில் படிந்துவிட்டது. ஐம்பத்து மூன்று வயதில் வீட்டோடு உட்கார்ந்தார். இருநூறு அடி நடந்தால் நிற்க வேண்டும். நின்றால், செருப்பு வாரைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொள்வார், மூச்சு வாங்குவது யாருக்கும் தெரியக்கூடாது என்று. டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "தூசி ஆகாது. மேடு ஆகாது, மாடிப்படி ஆகவே ஆகாது. சமமான தரையில, சுத்தமான காத்துல மெதுவா நடக்கட்டும். அப்படின்னா இன்னும் பத்து வருஷம் ஓட்டலாம்."

அவர்கள் குடியிருந்ததோ லாரிகள் திரும்பும் முனையில். காலையில் துடைத்த மேசைமேல் மத்தியானம் விரலால் பேர் எழுதலாம். அந்தப் பத்து வருஷம் அந்த வீட்டில் கிடைக்காது என்பது இருவருக்கும் தெரியும்.

அந்த நேரத்தில்தான் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அந்த நகரத்து அலுவலகத்தில் இரண்டு வருஷம் இருந்து வேலை பார்க்க ஒரு ஆள் வேண்டும், குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். ஹாலே ஒரே குரலில் அவள் பேரைச் சொன்னது.

வீட்டுக்காரருக்கு மனமில்லை. "எனக்கு இந்தத் தூசியே பழகிருச்சும்மா. புதுக் காத்து உள்ள போனா நெஞ்சு யாருன்னு கேக்கும்" என்று சிரித்து மழுப்பினார். நாத்தனார் சிரிக்கவில்லை. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. படத்துல பாத்த ஊருக்கு நோயாளிய இழுத்துட்டுப் போறியே, அங்க ஒரு அவசரம்னா யாரு இருக்கா?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். கேட்டது நியாயம்தான். ஆனால் மேயரம்மாவுக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

ஒன்று சொல்லியாக வேண்டும், அவள் கண்ணை மூடிக்கொண்டு போகவில்லை. வீட்டை அவள் தேடிய மாதிரி பெண்ணுக்கு மாப்பிள்ளைகூடத் தேடமாட்டார்கள். டாக்டர் சொன்ன ஒவ்வொன்றையும் மனதில் வைத்துத் தேடினாள். மாடி வேண்டாம், தரைத்தளம். ஆலை இல்லாத பக்கம். டிராம் நிற்கும் இடத்திலிருந்து வீட்டு வாசல்வரை திரையில் கோடு இழுத்து அளந்தாள். நூற்றெண்பது மீட்டர். நடுவில் உட்கார்ந்து இளைப்பாற ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தாள், நாற்பத்தொன்றாம் எண் வீட்டுக்கு அகலமான கல் படி இருந்தது. அந்தத் தெரு மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் கையால் சீரான தெரு. அந்த வீடுகள் கொஞ்சம் அதிகமாகவே சாய்ந்து வந்திருந்தன. ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். பழைய வீடுகள், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"பாருங்க, எவ்வளவு சமமா இருக்கு" என்று அவரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். சமமாகத்தான் இருந்தது. "சரி மேயர், உன் ஊரு" என்றார்.

கோடையின் கடைசி வாரத்தில் போய் இறங்கினார்கள். டாக்சி டிராம் நிறுத்தத்தைத் தாண்டி இடது பக்கம் திரும்பியதும் மூக்கைத் தூக்கியது. ஓட்டுநர் கியரை இறக்கினார். வீட்டுக்காரரின் முதுகு சீட்டில் அழுந்தியது, மடியில் இருந்த மருந்துப் பை சரிந்து வந்தது. வேறு தெருவுக்குள் புகுந்துவிட்டார் போல என்று மேயரம்மா நினைத்தாள். அப்புறம் பச்சைக் கதவு வந்தது, பதினேழு. பித்தளைக் குமிழ் வைத்த நீலக் கதவு, இருபத்தொன்பது. கல் படி வைத்த நாற்பத்தொன்று. எல்லாக் கதவும் அதே கதவு, அவள் பதிந்த அதே எண்கள். தரை மட்டும்தான் அவள் பார்க்காதது.

அந்தச் சரிவில் உட்கார்ந்தபடியேதான் அவளுக்குப் புரிந்தது. கார் மேட்டில் ஏறும்போது அதன் தலையில் இருக்கும் கேமராவும் கூடவே சாயும். கேமராவின் கண்ணுக்கு ரோடு சமமாகத்தான் தெரியும், வீடுகள்தான் சாய்ந்து தெரியும். பதினொரு வருஷமாக அவள் நேராக நின்ற வீடுகளைப் பிடித்து நிமிர்த்திக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த நகரத்தில் குன்றுகள் உண்டு என்று அவளுக்குத் தெரியும். எந்தத் தெரு குன்றில் ஏறுகிறது என்பதைத் தன் கையாலேயே அழித்துவிட்டாள். அளந்து பார்த்த நூற்றெண்பது மீட்டர் சரிதான். அது ஆறு மாடி உயரம் என்பதைக் கோடு சொல்லவில்லை.

முதல் முறை ஏறியபோது அவர் ஐந்து இடத்தில் நின்றார். உதடு நீலமாக இருந்தது. வீட்டுக்குள் வந்து வெகுநேரம் கழித்துப் பேச முடிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "மேயர் ஊருல ரோட்டச் செவுத்துல சாச்சு வெச்சிருக்காங்க" என்பதுதான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சிரிக்கவைக்கத்தான் சொன்னார் என்பது அவளுக்குத் தெரியும்.

சமமான பகுதியில் தரைத்தள வீடு கேட்டு அலைந்தாள். அடுத்த கோடைக்கு முன்னால் எதுவும் காலியில்லை என்று மூன்று தரகர்களும் கையை விரித்தார்கள். ஊருக்குத் திரும்பிவிடலாம், யாரும் அவளைக் கட்டிப் போடவில்லை. ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் முடிந்தது. அதைத்தான் அவள் செய்யவில்லை. திரும்பிப் போனால் நாத்தனார் என்ன சொல்வாள், ஹாலில் பதினேழு பேர் எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசித்தாள். ஒரு மனிதனின் மூச்சை ஒரு தட்டிலும் ஊர்ப் பேச்சை இன்னொரு தட்டிலும் வைத்தால் எது கனம் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லும். அவளுக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

அவர் பாவம், அவளுக்காகப் பொய் சொன்னார். அக்காவிடம் போனில், "காத்து அவ்வளவு சுத்தம்க்கா. நெஞ்சு அப்படியே திறந்துக்கிச்சு" என்பார். சொல்லி முடித்துப் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமுவார்.

சாயங்காலம் அவள் வேலை முடிந்து டிராமில் வந்து இறங்கினால் நிறுத்தத்தில் நிற்பார். இறங்குவது சுலபம். "ஏங்க இப்படி இறங்கி வர்றீங்க, திரும்ப ஏற வேணாமா?" என்று அவள் கடிந்துகொள்வாள். "வீட்டுக்குள்ளயே இருந்தா இது எந்த ஊரா இருந்தா என்ன? உன் ஊர நானும் கொஞ்சம் பாக்கிறேனே" என்பார். இருவரும் சேர்ந்து ஏறுவார்கள். நாற்பத்தொன்றின் படியில் கட்டாயம் உட்கார வேண்டும். அந்த வீட்டில் ஒரு தையல்காரி இருந்தாள். ஒரு வார்த்தை இவர்களுக்குப் புரியாத பேச்சு. ஒருநாள் வெட்டுத் துணிகளை அடைத்து ஒரு திண்டு தைத்துக் கொண்டுவந்து படியில் போட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அந்தத் திண்டு தினமும் அங்கேயே கிடந்தது.

இலை உதிரும் சமயம் ஒருநாள் அவர் உற்சாகமாகச் சொன்னார். "இன்னிக்கு உன் வண்டி வந்துச்சு. தலையில பெரிய உருண்டை. நான் அந்தப் படியில உக்காந்திருந்தேன், கை காட்டினேன்."

"இந்த மாசத்துல அது ஓடாதே."

"இப்ப வருஷம் பூரா ஓடுதாம், அந்தத் தையக்காரம்மா சைகையில சொல்லுச்சு. எனக்கு அப்படித்தான் புரிஞ்சுது."

அன்றைக்குச் சாப்பிட்டு முடித்த பிறகு அவர் மெதுவாகக் கேட்டார். "போயிடலாமாம்மா?"

கேட்டது அந்த ஒரு தடவைதான். அவள் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "வெயில் காலம் வரட்டுங்க. வெயில் வந்துட்டா இந்தத் தெரு எப்படி இருக்கும் தெரியுமா? நான் பாத்திருக்கேன்."

"நீ பாத்திருந்தா சரி" என்றார்.

குளிர் இறங்கிய பிறகு ஒரு சாயங்காலம், மழை ஐஸாக விழுந்துகொண்டிருந்தது. அவளிடம் குடை இல்லை என்று அவர் குடையோடு இறங்கியிருக்கிறார். அன்று பார்த்து டிராம் ஒரு மணி நேரம் தாமதம். நின்று பார்த்துவிட்டுத் தனியாகவே ஏறியிருக்கிறார். அவள் வந்து சேர்ந்தபோது நாற்பத்தொன்றின் வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது, தையல்காரி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குடை மடக்கியபடி பக்கத்தில் இருந்தது, அவளுக்கென்று நனையாமல் வைத்திருந்தது போல.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். நல்ல ஆஸ்பத்திரி, நல்ல டாக்டர்கள், யாரையும் குறை சொல்ல முடியாது. ஏழாவது நாள் அவள் அவர் காதோரம் குனிந்து, "தப்புப் பண்ணிட்டேங்க. வாங்க, நம்ம ஊருக்குப் போயிடலாம்" என்றாள். அப்போது அவர் கேட்கும் நிலையில் இல்லை.

ஒற்றை ஆளாகத் திரும்பி வந்தாள். நாத்தனார் திட்டுவாள், திட்டினால் தேவலை என்று நினைத்திருந்தாள். நாத்தனார் ஒன்றும் கேட்காமல் ஒரு வாரம் கூட இருந்து சமைத்துப் போட்டுவிட்டுப் போனாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அலுவலகத்தில் பழைய சீட்டே கிடைத்தது. அவள் வெளிநாட்டில் விட்டு வந்த வேலைக்குப் பக்கத்து சீட்டுப் பெண்ணின் பேர் அடிபட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெண் ஒரு மத்தியானம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. அங்க இருக்க நல்லா இருக்குமா?"

மேயரம்மா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். "யாருக்கு?" என்று கேட்டாள்.

இலையுதிர் காலத்துப் படங்கள் வரத் தொடங்கியதும் அவள் டீம் லீடரிடம் போய் நின்றாள். அவர் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். "சார், அந்தத் தெரு மட்டும் எனக்குக் குடுங்க" என்று தெருவின் பேரைச் சொன்னாள். பதினொரு வருஷத்தில் அவள் அவரிடம் கேட்டது அது ஒன்றுதான், கொடுத்துவிட்டார்.

பச்சைக் கதவு வந்தது. நீலக் கதவு வந்தது. இரண்டையும் தொடாமல் நகர்த்தினாள். நாற்பத்தொன்றாம் எண் வந்ததும் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். திண்டின்மேல் பழுப்பு நிற ஸ்வெட்டரில் அவர் உட்கார்ந்திருந்தார். ஒரு கை முழங்காலில், ஒரு கை கேமராவைப் பார்த்து உயர்ந்திருந்தது. முகத்தில் சிரிப்பு. அவருக்குப் பின்னால் வீடு நன்றாகச் சாய்ந்திருந்தது.

அன்று முந்நூறு படத்தில் ஒரே ஒரு படம்தான் அவள் செய்தாள். எண்ணைப் பதிந்தாள். சாயங்காலம்வரை அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலுவலக விதி எல்லோருக்கும் ஒன்றுதான், உயிரோடு இருப்பவர், இல்லாதவர் என்று அதில் பிரிவு கிடையாது. கிளம்பும் நேரத்தில் அவர் முகத்தை மறைத்துப் படத்தை அனுப்பினாள்.

மறுநாள் காலை டீம் லீடர் அவள் மேசைக்கு வந்தார். திரையில் அந்தப் படத்தைத் திறந்து காட்டினார்.

"மேயரம்மா, நாப்பத்தொண்ணு சாஞ்சே இருக்கு பாருங்க. நிமித்தாம, ஓரத்த வெட்டாம விட்டுட்டீங்க."

"வீடு நேராத்தான் சார் இருக்கு. ரோடுதான் ஏறுது. அப்படியே இருக்கட்டும்."

அவருக்குப் புரியவில்லை. குனிந்து படத்தைப் பார்த்தார். "அது சரி, யாரோ ஒருத்தர் வாசப்படிய மறைச்சுக்கிட்டு உக்காந்திருக்காரே, யாரு இது? அந்த வீட்டு ஆளா?"

"இல்ல சார்" என்றாள். "மேல போகணும். மூச்சு வாங்க உக்காந்திருக்காரு."